வினையை மாற்றினால் வாக்கியத்தையும் பாருங்கள்

ஆங்கிலக் கட்டுரையை மெருகேற்ற உட்காருபவர்கள் முதலில் செய்வது ‘யூஸ்’ வந்த இடமெல்லாம் ‘யூட்டிலைஸ்’, ‘ஸ்டார்ட்’ வந்த இடமெல்லாம் ‘கமென்ஸ்’ போடுவது. அர்த்தம் துளியும் அதிகமாகாது. வாக்கியம் அரசாணை மாதிரி விறைத்துக்கொள்ளும். பழைய வினை சொல்லாத ஒன்றைப் புதிய வினை சொன்னால் மட்டுமே மாற்றுங்கள். ‘வாக் ஸ்லோலி’யை எடுத்துக்கொள்வோம். களைத்துப்போய்க் காலை இழுத்து நடந்தால் ‘ட்ரட்ஜ்’, காற்றாட நடந்தால் ‘ஸ்ட்ரோல்’, ஓசைப்படாமல் நடந்தால் ‘க்ரீப்’. எப்படிப்பட்ட நடை என்று முடிவு செய்யாமல், ஒத்த பொருள் சொற்களைத் தரும் தெசாரஸைத் திறந்தால் தப்பான சொல்தான் கையில் வரும்.

அதிகம் பேர் சறுக்குவது வேறோர் இடத்தில். வினையை மாற்றிவிட்டு, அதன் பின்னால் நின்ற சிறு சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘ஆஸ்க் ஃபார் லீவ்’ சரி. ‘ரெக்வெஸ்ட்’ வினையாக வந்தால் ‘ஃபார்’ வேண்டாம்: ‘ஐ ரெக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்’. ‘எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஃபார்’ உண்டு. குழப்பத்துக்குக் காரணமே இதுதான். ‘டாக் அபவுட்’ என்பதை ‘டிஸ்கஸ்’ ஆக்கினால் ‘அபவுட்’ போக வேண்டும். ‘கோ இன்டு த ரூம்’, ‘என்டர் த ரூம்’ ஆகும். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை போன்றவற்றுக்குத்தான் ‘என்டர் இன்டு’ சரி. சிலசமயம் சொல் கூடவும் செய்யும்: ‘டெல் மீ த ரூல்’, ஆனால் ‘எக்ஸ்ப்ளெய்ன் த ரூல் டு மீ’. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ பிழை.

பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வினையையும் வெளியே எடுக்கலாம். ‘கண்டக்ட் அன் அனாலிசிஸ் ஆஃப்’ என்ற நான்கு சொல்லின் வேலையை ‘அனலைஸ்’ ஒன்றே செய்யும். எல்லாவற்றையும் இப்படிச் சுருக்க முடியாது: ‘மேக் எ மிஸ்டேக்’ அப்படியே இருக்கட்டும், ‘மேக்’கை மாற்றி ‘டூ எ மிஸ்டேக்’ என்றும் ஆக்காதீர்கள்.

கதை உரையாடலில் ‘சொன்னார்’ என்ற பொருளில் ‘செட்’ திரும்பத் திரும்ப வந்தாலும் வாசகர் கண்ணை உறுத்தாது. ஆய்வுக் கட்டுரையில் கவனம் தேவை. ‘க்ளெய்ம்’ என்றால் நீங்கள் அதை இன்னும் ஏற்கவில்லை என்ற சாயல் விழும்; ‘ப்ரூவ்’ என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை; தரவு ஒரு திசையைக் காட்டுகிறது என்ற அளவுக்கு ‘சஜஸ்ட்’ போதும். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் சொல்லவந்த கருத்தே மாறிவிடும்.

முதல் வரைவை எளிய வினைகளிலேயே எழுதி முடியுங்கள். திருத்தும்போது ‘கெட்’, ‘டூ’, ‘மேக்’, ‘கிவ்’ நான்கையும் தேடிக் கோடிட்டு, மாற்றும் ஒவ்வொரு வினைக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆக்ஸ்ஃபர்ட் அல்லது கேம்பிரிட்ஜ் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள். அந்த வினைக்குப் பின் என்ன வருகிறது, என்ன வருவதில்லை என்பது அங்கே தெரியும்.