பிஎம் கிசான்: உங்கள் ஊர்ப் பட்டியலைப் பார்ப்பது எப்படி?

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையில், அப்பாவுக்கு 2,000 ரூபாய் தவணை நாலு முறையாக வரவில்லை. என்ன ஏது என்று தேடப் போன இடத்தில்தான், எங்கள் ஊரில் யார் யாருக்குப் பணம் போகிறது என்ற பட்டியல் இணையத்தில் திறந்தே கிடப்பது தெரிந்தது. ஆதார் எண் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம்.

1. பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தைத் திறங்கள். கணினியில் பார்ப்பதே உத்தமம். கைப்பேசியில் ஊர்ப் பெயர்களை விரலால் தள்ளித் தள்ளி வெறுத்துப்போகும். வாட்ஸ்அப்பில் 'பிஎம் கிசான்' என்று ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் மட்டும் தொடாதீர்கள். வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடி அது.

2. 'பார்மர்ஸ் கார்னர்' பகுதியில் 'பெனிபிஷியரி லிஸ்ட்'டை அழுத்துங்கள்.

3. மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்கள் ஊர்ப் பெயரே அதில் இல்லை! நாம் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் குக்கிராமம். பட்டியலில் இருப்பதோ வருவாய்க் கிராமம். அது என்ன பெயர் என்று சிட்டாவைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் பெயர் வந்தது. அப்புறம் ஆங்கில எழுத்துக் கூத்து வேறு. 'கீழ' என்று தொடங்கும் ஊரைக் கே போட்டு இரண்டு ஈ என்று தேடினேன். அவர்கள் ஒற்றை ஐ போட்டிருந்தார்கள். முதல் எழுத்தை மட்டும் தட்டிவிட்டு, நிதானமாகக் கண்ணை ஓட்டுங்கள்.

4. 'கெட் ரிப்போர்ட்'. பெயர்கள் வந்துவிடும், பல பக்கங்களாக.

பட்டியலில் பெயர்தான் இருக்கும். நிலம் எவ்வளவு என்று இருக்காது. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற ஊர்களில் அவசரப்பட்டு யாரையும் கைகாட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள், அல்லது கிராம சபையில் எழுப்புங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் பார்க்காமலும் விடக் கூடாது. 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நிலமே இல்லாதவர்கள் பெயரிலெல்லாம் பதிவு போட்டு, தமிழ்நாட்டில் சுமார் 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கும். நாடு முழுக்கத் தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி போயிருந்தது 2021 தொடக்கத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதிலில் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். அவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே கிடையாது.

பின்சேர்க்கை: "பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் வரவில்லையே" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கு 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பக்கம் போக வேண்டும். பதிவு எண்ணும், கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் தேவை. அங்கே இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), லேண்ட் சீடிங் (நில விவரம் இணைப்பு), ஆதார் பேங்க் சீடிங் (வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு) மூன்றுக்கும் 'யெஸ்' இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் 'நோ' இருந்தாலும் தவணை நிற்கும்.

மூன்றும் 'யெஸ்' என்றால்? அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. பணம் ஆதார் வழியாகப் போவதால், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தோமோ அங்கே போய் விழும். நகைக்கடனுக்காக வேறொரு வங்கியில் திறந்த கணக்கை அவர் மறந்தே போயிருந்தார். பாஸ்புக்கில் வரவு போட்டு வாங்கினால், நாலு தவணையும் வரிசையாக நின்றன.