நெல்லை மாநகரின் வேலைவாய்ப்புக்கு ஒரு கொள்கை முன்மொழிவை எழுதுவது எப்படி

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவிலிருந்தோ, வணிகர் சங்கத்திலிருந்தோ, கல்லூரித் துறை ஒன்றிலிருந்தோ திருநெல்வேலி மாநகராட்சிக்குப் பொருளாதார யோசனை எழுத முன்வருவோர், எந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் பிரித்து அறிய வேண்டும். 1994இல் உருவாகி, இன்று 4 மண்டலங்களும் 55 வார்டுகளும் கொண்ட மாநகராட்சியின் கையில் சொத்து வரி, தொழில் உரிமம், கட்டட அனுமதி, சந்தை, குடிநீர், கழிவுநீர் ஆகியவை உள்ளன. கங்கைகொண்டான் சிப்காட் வளாகமும் அரசுப் பேருந்தும் தொழிலாளர் துறையும் மாநில அரசைச் சார்ந்தவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் மனு, எவ்வளவு நல்லதாயினும், ‘எமது வரம்பிற்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும்.

அடுத்து, ‘தொழில் வளர வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், குறிப்பிட்ட ஒரு பிரிவினரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களிடமிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இவர்களுக்கான நலத்திட்டங்களுக்கு நிதி தந்துவந்த தனி வரி, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. அதே வேளையில், மதுரைச் சாலையில் உள்ள கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்தகடு ஆலையில் பணியாளர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தடைகளைக் கண்டறிந்து எழுதுவதுதான் முன்மொழிவின் உயிர்.

அத்தடைகளை வீடு வீடாகக் கேட்டறிய வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை; ஆகவே கட்டணத்தை விட, ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் வண்டி இருக்கிறதா என்பதே பெரிய கேள்வியாக இருக்கக்கூடும். கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது, எந்த வகுப்புவரை படித்திருக்கிறார், இரவுப் பணிக்கு வீட்டில் சம்மதிப்பார்களா என்பவற்றையும் கேளுங்கள். பதில்களைத் தெருவாரியாகத் தொகுத்தால், மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் குழந்தைகள் காப்பகம் அமைப்பது மாநகராட்சிக்கான கோரிக்கையாகவும், ஷிப்ட் நேரப் பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கான கோரிக்கையாகவும், ‘நான் முதல்வன்’ திட்டத்தைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களுக்கும் ஏற்ற பயிற்சியாக விரிப்பது மாநில அரசுக்கான கோரிக்கையாகவும் தாமே பிரிந்து நிற்கும்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்து பட்டம் பெற்று வெளியேறுவோரைப் பற்றி எழுதும்போது, சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகள் போய்விடுகிறார்கள் என்ற வருத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை (அப்ரண்டிஸ்) சேர்த்தே ஆக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் எவை, எந்தப் பாடப்பிரிவினரை எடுக்கின்றன என்ற பட்டியலைக் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவும் மாவட்டத் தொழில் மையமும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்பது, செலவு மிகக் குறைந்த கோரிக்கை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் பணியை நடத்திக்காட்டியிருப்பதால், இங்கே திறமை இல்லை என்ற வாதத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

சிறு வணிகத்தை விட்டுவிடாதீர்கள். நெல்லையப்பர் கோயில் ரதவீதிகளில் தரைக்கடை போடுவோரை அப்புறப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம், 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை மேற்கோள் காட்டுங்கள். அச்சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது அது. புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும் பயணி வாங்குவதற்கென அங்கே ஒரு நிரந்தரக் கடை வேண்டும் என்று கேட்பது, வாடகைச் சலுகை மட்டுமே தேவைப்படும் எளிய யோசனை.

தாமிரபரணியைப் பற்றி ஒரு பத்தியேனும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆற்றில் கழிவுநீர் கலப்பது நிற்காதவரை, புதிய தொழிலுக்கும் பெருகும் குடியிருப்புக்கும் தண்ணீர் தருவோம் என்று நகரம் எந்த முதலீட்டாளரிடமும் உறுதி கூற இயலாது.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு கோரிக்கையின் கீழும் அதைச் செய்ய வேண்டிய அலுவலகம், உத்தேசச் செலவு, பலனை அளக்கும் ஓர் எண் ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள். பகுதி சபாவில் வாசித்துப் பதிவுசெய்து, மாமன்ற உறுப்பினர் வழியாகத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேளுங்கள். மாநில அரசுக்கு உரியவற்றைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் அளித்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு அதே தெருக்களில் அதே கேள்விகளைக் கேட்டு, மாறிய எண்களையும் மாறாதவற்றையும் அடுத்த சபாக் கூட்டத்தில் வையுங்கள்.