ஏஐ ஏஜென்ட்டுக்கும் மனிதருக்கும் புரியும்படி கருவி விளக்கம் எழுதுவது எப்படி?

கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளை ஏஐ ஏஜென்ட் (நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ நிரல்) இயக்குவதற்கு ஒரு சின்னக் கருவித் தொகுப்பு எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "இந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கு" என்று தட்டினால் ஏஜென்ட் சரியான கருவியை அழைக்கிறது, திரையில் படம் மாறுகிறது. சரி, உங்கள் கணினியில் ஓடுகிறது. இன்னொருவர் கணினியில் ஓட வேண்டுமானால் விளக்கம் எழுதியாக வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த விளக்கத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் கருவியை நிறுவும் மனிதர். இன்னொன்று அந்த ஏஜென்ட். இப்படிப்பட்ட கருவிகள் பலவும் எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறைப்படி எழுதப்படுகின்றன. அதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. இதில் சர்வர், அதாவது உங்கள் கருவிகளை ஏஜென்ட்டுக்குத் தரும் நிரல், தன்னிடம் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றைத் தரும். ஏஜென்ட் அதை வைத்துத்தான் முடிவெடுக்கும். மனிதர் படிப்பதற்காக நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு பெரும்பாலும் அதன் கண்ணிலேயே படாது.

படி 1: ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுங்கள்

நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஒவ்வொரு கருவியையும் நீங்களே ஒருமுறை அழைத்து, என்ன கொடுத்தீர்கள், படத்தில் என்ன மாறியது, பதிலாக என்ன வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிறுவும் முறையை மனிதருக்காக எழுதுங்கள்

முதல் வரியிலேயே பதிப்பு எண் இருக்கட்டும். கிம்ப் 2.10இல் பைதான் நிரல்மொழியில் எழுதும் பிளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பைதான் 2இல் எழுதப்பட்டவை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பைதான் 3க்கு மாறிவிட்டது, அழைக்கும் முறையும் மாறிவிட்டது. பழைய பிளக்இன் அதில் அப்படியே ஓடாது. எண்ணைப் போடாமல் "கிம்ப் தேவை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒரு மாலைப்பொழுதே வீணாகும்.

அப்புறம், எதை முதலில் திறப்பது, எதை அடுத்துத் திறப்பது என்ற வரிசையை எழுதுங்கள். ஒவ்வொன்றும் சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தொடங்குபவருக்கு அந்த ஒரு வரிதான் பெரிய தைரியம்.

ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். சர்வர் ஸ்டேண்டர்ட் இன்புட், அவுட்புட் (ஒரு நிரல் எழுத்தை வாங்கும், வெளியிடும் வழக்கமான வழிகள்) வழியாகப் பேசுவதாக இருந்தால், சோதனைக்காகப் போடும் ஒரு பிரிண்ட் வரி கூட நடுவில் புகுந்து செய்தியைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட பதிவுகளை, பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள ஸ்டேண்டர்ட் எரருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

படி 3: ஏஜென்ட் படிக்கும் வரியை எழுதுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டும் கருவிக்கு நான் முதலில் எழுதிய விளக்கம் இவ்வளவுதான்: "படத்தின் வெளிச்சத்தை மாற்றும்." ஏஜென்ட் 40 என்ற எண்ணை அனுப்பியது. எண் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று கிம்ப் மறுத்துவிட்டது.

ஏஜென்ட் மேல் தப்பே இல்லை. கிம்ப் திரையில் வெளிச்சத்துக்கான ஸ்லைடர் -127 முதல் 127 வரை போகும். நிரல் வழியாக அதே வேலையைச் செய்யும் செயல்முறை கேட்பதோ -0.5 முதல் 0.5 வரை. இதை நான் எங்கேயும் சொல்லவில்லை. திருத்தி எழுதியது இது (லேயர் என்பது படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கு):

"தேர்வான லேயரின் வெளிச்சத்தை மாற்றும். மதிப்பு -0.5 முதல் 0.5 வரை, 0 என்றால் மாற்றம் இல்லை. லேசான மாற்றத்துக்கு 0.1 போதும். மற்ற லேயர்களைத் தொடாது. நிறத்தின் அடர்த்தியை மாற்ற இதைப் பயன்படுத்த வேண்டாம்."

எல்லை, எண்ணுக்கு என்ன அர்த்தம், எதைத் தொடும், எதற்கு உதவாது ஆகிய நான்கும் இதில் உண்டு. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு கருவிகள் இருக்கும்போது ஏஜென்ட் எதை எடுப்பது என்று அதை வைத்துத்தான் பிரித்தறியும். படத்தை வெட்டும் கருவி என்றால் எண்கள் பிக்சலா சதவீதமா, எந்த மூலையிலிருந்து எண்ணுவது என்பதையும் சொல்லுங்கள். கிம்ப்பில் இடது மேல் மூலைதான் தொடக்கம்.

படி 4: திரும்பப் பெற முடியாததைத் தனியாகச் சொல்லுங்கள்

ஒருவர் எடுத்த படத்துக்கு வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். அதன் மேலேயே எழுதிவிடும் கருவி உங்களிடம் இருந்தால், அதை விளக்கத்தின் முதல் வாக்கியமாகவே போடுங்கள். எம்சிபியில் ஒரு கருவி படிக்க மட்டும் செய்வதா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க வழி இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். கிம்ப்பில் சேமிப்பது வேறு, ஏற்றுமதி வேறு என்பதையும் தெளிவாக்குங்கள். சேமித்தால் லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பு கிடைக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் ஏற்றுமதிதான், அதில் லேயர்கள் இருக்காது.

படி 5: பிழைச் செய்தியும் விளக்கம்தான்

"பிழை" என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும். "லேயர் எதுவும் தேர்வாகவில்லை. முதலில் லேயர் பட்டியல் கருவியை அழைக்கவும்" என்று வந்தால் அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

படி 6: புது உரையாடலில் சோதியுங்கள்

முன்பு பேசிய எதுவும் இல்லாத புது உரையாடலைத் திறந்து மூன்று வேலைகள் கொடுங்கள்: ஒன்று எளிது, ஒன்று இரண்டு கருவிகள் தேவைப்படுவது, ஒன்று உங்கள் கருவிகளால் செய்யவே முடியாதது. உடனே ஓட விடாமல், எந்தக் கருவியை என்ன மதிப்போடு அழைக்கப்போகிறாய் என்று முதலில் கேளுங்கள். அது எங்கே ஊகிக்கிறதோ அங்கே உங்கள் விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது. மூன்றாவது வேலைக்கு "இது என்னால் முடியாது" என்று பதில் வரும்வரை திருத்துங்கள். அந்த மூன்று வேலைகளையும் ரீட்மீயின் அடியில் எழுதி வையுங்கள். கிம்ப்பின் அடுத்த பதிப்பு வரும்போது முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியவை அவைதான்.