மகப்பேறு விடுப்பு முடியும்போது வேலை போனது: வரிப் பணத்தைத் திரும்பப் பெற்ற கதை

பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். மகப்பேறு விடுப்பு முடியும் தறுவாயில் என் பதவியையே நீக்கிவிட்டார்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சம்பளச் சீட்டைத் திறந்தேன். மொத்தத் தொகையும் 'சம்பளம்' என்று ஒரே வரியில் இருந்தது. மொத்தத்துக்கும் வரி!

விதி அப்படியில்லை. பணிநீக்க இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டுக்கு வருமான வரி கிடையாது. நோட்டீஸ் காலச் சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம், மகப்பேறு ஊதியம் ஆகியவற்றுக்கு வரி உண்டு. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும்படி சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நினைவூட்டலுக்கு அப்புறம் திருத்தினார்கள்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். சட்டப்படியான இழப்பீட்டை விடுப்புக்கு முந்தைய முழுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். எனக்கோ குறைந்த மகப்பேறு ஊதியத்தை வைத்துப் போட்டிருந்தார்கள். இது மிகப் பெரிய அநியாயம், விட்டுவிடாதீர்கள். பழைய சம்பளச் சீட்டுகளை இணைத்து அனுப்பியதும் மீதியும் வந்தது.

சரி, நோட்டீஸ் பணம்? பி45 (வேலையை விட்டதற்கான வரிச் சான்று) கொடுத்த பிறகு தந்ததால் 0டி என்ற வரிக் குறியீட்டில் வரி பிடித்திருந்தார்கள். அந்தக் குறியீட்டில், ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை கிடைக்கும் வரிவிலக்கு சேராது. ஒரு பகுதிக்கு 40 சதவீதம் போயிருந்தது. நான்கு வாரம் வேலையில்லாமல் இருந்த பின், வரியைத் திரும்பக் கேட்கும் பி50 படிவத்தை வரித் துறைக்கு அனுப்பினேன். அதிகமாகப் பிடித்த வரி திரும்பி வந்தது.