பிஜினெல்லி வினைக்கு அயனித் திரவ வினையூக்கி: தயாரிப்பும் மீட்பும்

வளையத்தில் கார்பனோடு வேறு தனிம அணுக்களும் கொண்ட பல்லினவளையச் சேர்மங்களைப் பசுமை முறையில், அதாவது கழிவைக் குறைத்து, தயாரிக்கப் பழகுபவர் முதலில் செய்து பார்க்க ஏற்றது பிஜினெல்லி வினை. 1891-இல் வெளியான இவ்வினையில் பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா ஆகிய மூன்றும் ஒரே குடுவையில் இணைந்து டைஹைட்ரோபிரிமிடினோன் வளையத்தைத் தருகின்றன. வெளியேறுவது இரண்டு நீர் மூலக்கூறுகள் மட்டுமே என்பதால் அணுச் சிக்கனம் (தொடக்கப் பொருள்களின் நிறையில் விளைபொருளாக மாறும் பங்கு) ஏறத்தாழ 88 சதவீதம். எத்தனாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைக்கும் மரபுமுறையில் அமிலம் ஒவ்வொரு முறையும் கழிவாகிறது. 1-மெத்தில்இமிடசோலியம் ஹைட்ரஜன்சல்பேட் என்ற அமில அயனித் திரவத்தை, அதாவது குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் அமில உப்பை, பயன்படுத்தினால் வினைக்குக் கரைப்பான் தேவையில்லை, வினையூக்கியையும் மீட்கலாம்.

வினையூக்கியைத் தயாரிக்க, 8.2 கிராம் 1-மெத்தில்இமிடசோலைப் பனிக்கட்டித் தொட்டியில் குளிர்வித்து, காந்தக் கலக்கி ஓடும்போதே 98 சதவீதக் கந்தக அமிலம் 10 கிராமைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வெப்பம் கடுமையாக வெளிப்படும் என்பதால் புகைபோக்கி அறை, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் இன்றித் தொடங்கக் கூடாது. பிறகு வெற்றிடத்தில் 70 டிகிரி செல்சியசில் உலர்த்தினால் பிசுபிசுப்பான திரவம் ஏறத்தாழ 18 கிராம் கிடைக்கும்.

வினையைப் பத்து மில்லிமோல் அளவில் செய்தால் மீட்க வேண்டிய வினையூக்கி 0.18 கிராம்தான்; குடுவைச் சுவரில் ஒட்டுவதே அதில் பெரும்பங்கு ஆகிவிடும். ஆகவே அதைப்போல் ஐந்து மடங்காக, பென்சால்டிஹைடு 5.3 கிராம், எத்தில் அசிட்டோஅசிட்டேட் 6.5 கிராம், யூரியா 3.3 கிராம், வினையூக்கி 0.9 கிராம் எனத் தொடங்குவது நல்லது. பென்சால்டிஹைடு புட்டியின் மூடியைச் சுற்றி வெண்படிகங்கள் தென்பட்டால் அது பென்சாயிக் அமிலம். புதிதாக வாலைவடித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கலவையை 90 டிகிரியில் கலக்கியபடி, மெல்லடுக்கு வண்ணப்பிரிகையில் (கலவையின் கூறுகளைத் தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஆல்டிஹைடின் புள்ளி மறையும் வரை சூடாக்குக. தெளிந்த கலவை மெல்லக் கலங்கி இறுகும். கலக்கி திணறி நிற்பதே பெரும்பாலும் முதல் அறிகுறி.

ஆறிய கட்டியை நொறுக்கி, 10 மில்லிலிட்டர் குளிர்ந்த நீர் சேர்த்துக் கலக்கி வடிகட்டுக. விளைபொருள் தாளில் தங்கும். அயனித் திரவம் நீரோடு இறங்கும். திடப்பொருளை எத்தனாலில் மறுபடிகமாக்கினால் உருகுநிலை 202 டிகிரியை ஒட்டி இருக்கும். நீரைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் வேண்டாம்: ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் தேவை, அந்தச் செலவு பசுமைக் கணக்கில் சேராமல் போகாது.

வடிநீரைச் சிறிது எத்தில் அசிட்டேட்டால் கழுவி, சுழல் ஆவியாக்கியில் நீரை நீக்கினால் வினையூக்கி மீளும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வினைபுரியாமல் எஞ்சிய யூரியா எத்தில் அசிட்டேட்டில் கரையாமல் அயனித் திரவத்திலேயே தங்கிவிடும். அதன் ஒரு பகுதி சூட்டில் சிதைந்து தரும் அம்மோனியா அமிலத்தை நடுநிலையாக்கும். எடை முழுவதும் திரும்பிவிட்டதே என்று மகிழ்ந்தால், அந்த எடையில் யூரியாவும் அம்மோனியம் உப்பும் அடங்கியிருக்கக் கூடும். யூரியாவை 1.1 சமானத்துக்கு (பென்சால்டிஹைடின் மோல் அளவைப்போல் 1.1 மடங்குக்கு) மேல் எடுக்காதிருப்பதன் காரணமும் இதுவே.

எனவே ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் 0.18 கிராமை நீரில் கரைத்து, புரோமோகிரெசால் பச்சை நிறங்காட்டியுடன் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க வேண்டும் (நிறம் மாறும் வரை காரத்தைச் சேர்த்து அமிலத்தின் அளவை அறிய வேண்டும்). புதிய வினையூக்கிக்கு 10 மில்லிலிட்டர் செலவாகும். 8 மில்லிலிட்டரிலேயே நிறம் மாறினால், அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அமிலத்தன்மை குறைந்துவிட்டது என்று பொருள்.

விளைச்சலை ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். இருபது நிமிடத்தில் முடியும் வினையை, மீட்ட வினையூக்கியுடன் நடத்தும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மணி நேரம் ஓட்டினால், பாதி செயலிழந்த வினையூக்கிகூட முழு விளைச்சல் தருவதுபோல் தோன்றும். வினை பாதியளவே நடந்திருக்கும் நேரத்தில் நிறுத்தி, எல்லாச் சுற்றுகளையும் அந்த நேரத்திலேயே ஒப்பிடுக. வினையூக்கி இல்லாமலே எவ்வளவு நடக்கிறது என்று அறிய, அது சேர்க்காத ஒரு குடுவையையும் அதே சூட்டில், அதே நேரம் வைத்திருந்து அதன் விளைச்சலையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.