லெக்சிங்டன் போகிறீர்களா? டெர்பி அங்கே இல்லை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, டெர்பி பார்க்கப் போவது. கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற குதிரைப் பந்தயம் நடப்பது லூயிவில் நகரத்துச் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில். லெக்சிங்டனிலிருந்து மேற்கே காரில் ஒன்றேகால் மணி நேரம். மே மாத முதல் சனிக்கிழமை லெக்சிங்டனில் இறங்கி மைதானத்தைத் தேடாதீர்கள். இது குதிரைகள் பிறந்து, வளர்ந்து, விலைபோகிற ஊர்.

இந்த ஊருக்கென்றும் ஒரு பந்தய மைதானம் உண்டு. கீன்லேண்ட் என்று பெயர், 1936-இல் திறந்தது. ஆனால் அங்கே பந்தயம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டும்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் காலி இருக்கைகளைத்தான் பார்க்கலாம். சரி, ஏப்ரலிலேயே போவோம் என்றால், அந்த வார இறுதிகளில் மலிவான ஓட்டல் அறை குதிரைக்கொம்பு. என்னைக் கேட்டால் பந்தயத்தைவிடக் காலைப் பயிற்சியே மேல். விடிந்ததும் வேலியோரம் போய் நின்றால் போதும், கட்டணம் கிடையாது. கூட்டத்தின் கூச்சல் இல்லாததால் குதிரை மூச்சுவிடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். செப்டம்பரில் ஒரு வயதுக் குட்டிகளின் ஏலம் நடக்கிறது. அதையும் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். கையை மட்டும் தூக்காமல் இருங்கள்.

அடுத்து பண்ணைகள். கார் இல்லாமல் இவற்றைப் பார்ப்பது கஷ்டம். சாலையின் இரு பக்கமும் பலகை வேலி, உள்ளே மேயும் குதிரைகள். பார்த்ததும் வண்டியை நிறுத்தி, வேலிக்குள் கைநீட்டி கேரட் கொடுக்கத்தான் தோன்றும். செய்யாதீர்கள். அது தனியார் நிலம். இங்கே வளர்கிற தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை, அதிலும் பொலிகுதிரை, கடித்தால் விரல் போய்விடும். பார்வையாளர்களை அனுமதிக்கிற பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் முன்பதிவு வேண்டும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட்டாகப் பதிவு செய்ய மாட்டார்கள். அதனால் பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் வரை பொலிகுதிரைகளுக்கு ஓயாத வேலை. அவற்றின் நேரத்துக்குத்தான் நீங்கள் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பலனும் உண்டு. வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள் என்பது கணக்கு. ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறந்தால் அதே வயதுக் கணக்கில் வரும் மற்றவற்றைவிட வளர்ந்து நிற்கும் என்று சீக்கிரமே பிறக்க வைக்கிறார்கள். அதனால் ஏப்ரல் மாதம் போனால் தாயோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டிகளை வயலெங்கும் பார்க்கலாம்.

செக்ரட்டேரியட் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் கல்லறையைப் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸுக்குப் போக வேண்டும். ஆமாம், பாரிஸ்தான். பக்கத்து ஊர், கிளேபோர்ன் பண்ணை இருக்கும் இடம். இன்னொரு பக்கம் வெர்சாய் என்ற ஊரும் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் போலச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வெர்சேல்ஸ்.

வரலாற்றில்தான் பெரிய தவறு நடக்கிறது. லிங்கனின் மனைவி மேரி டாட் வளர்ந்த வீடு, அந்தக் காலத்து அரசியல் தலைவர் ஹென்றி கிளேயின் ஆஷ்லாந்து மாளிகை, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வரலாறு முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆஷ்லாந்திலும் இன்று நிற்பது கிளே வாழ்ந்த வீடு அல்ல. அவர் இறந்த பிறகு மகன் அதை இடித்துவிட்டு அதே அடித்தளத்தில் கட்டியது. இரண்டுமே குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

பழைய நீதிமன்றத்தை ஒட்டிய, 2020 வரை சீப்சைடு என்று பெயர் கொண்டிருந்த பூங்காவில் நின்று பாருங்கள். அடிமைகளை ஏலம் விட்ட இடம் அது. அங்கே நின்ற, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர்களுடைய சிலைகளை 2017-இல்தான் அகற்றினார்கள். குதிரைக் கதையும் இதிலிருந்து தனியானதல்ல. 1875-இல் நடந்த முதல் டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்றவர் ஆலிவர் லூயிஸ். கிழக்கு ஏழாவது தெருவில் உள்ள ஆப்பிரிக்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கிடக்கிறார். 1884, 1890, 1891 என்று முதன்முதலாக மூன்று டெர்பிகளை வென்ற ஐசக் மர்ஃபியையும் 1896-இல் அங்கேதான் புதைத்தார்கள். காலப்போக்கில் அவருடைய கல்லறை எதுவென்றே மறந்துபோயிற்று. 1960-களில் தேடிக் கண்டுபிடித்து வேறிடத்துக்கு மாற்றினார்கள்.

இப்போது அவர் இருப்பது கென்டக்கி குதிரைப் பூங்காவில். 21 பந்தயங்களில் 20-ஐ வென்ற மேன் ஓ வார் என்ற குதிரையின் பெரிய வெண்கலச் சிலை வாசலருகே நிற்கும். எல்லோரும் அதனோடு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். மர்ஃபியின் கல்லறை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.