பழைய போர்ப்படம் ஒன்றைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்பது எப்படி

குமரி மாவட்டத்தில் தக்கலையை அடுத்த எங்கள் படிப்பகத்தில் 'தி டர்ட்டி டசன்' படத்தை முதன்முறை திரையிட்டபோது, வாசலில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, படம் பிடித்ததா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று இரண்டே கேள்விகள் கேட்டோம். திரும்பி வந்த தாள்களில் 'நல்ல படம்', 'கொஞ்சம் நீளம்' என்பவற்றைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாள்களைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே சாயா குடித்துக்கொண்டு நின்ற அதே மனிதர்கள், முக்கால் மணி நேரம் குரலை உயர்த்தி வழக்காடினார்கள். அந்த வழக்கில் ஒரு வரிகூட எங்கள் பெட்டிக்குள் விழவில்லை. இரண்டாம் முறை அதே படத்தைப் போட்டபோது செய்த மாற்றங்களையும், அவற்றில் எவை பலன் தந்தன என்பதையும், இதே வேலையில் இறங்க நினைக்கும் பிற படிப்பகத்தாருக்காக எழுதுகிறேன்.

முதலில், கேட்கப் போகிறவருக்குப் படம் தெரிந்திருக்க வேண்டும். ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி 1967இல் வெளிவந்த இந்தப் படம், ஈ. எம். நாதன்சன் 1965இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கவிருக்கும் வேளையில், மேலதிகாரிகளுக்கு அடங்காத மேஜர் ரைஸ்மன் என்பவரிடம், அமெரிக்க இராணுவச் சிறையிலிருக்கும் 12 குற்றவாளிகள் ஒப்படைக்கப்படுகிறார்கள். சிலருக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு நீண்ட கடுங்காவல். அவர்களைப் பழக்கி, பிரான்சில் ஜெர்மானியத் தளபதிகள் ஓய்வெடுக்கும் ஒரு மாளிகையைத் தாக்க அனுப்ப வேண்டும். உயிரோடு திரும்புகிறவனுக்கு மன்னிப்புக் கிடைக்கலாம். ரைஸ்மனாக லீ மார்வின் நடிக்க, சார்லஸ் பிரான்சன், ஜிம் பிரவுன், ஜான் கசாவெட்டிஸ், டெலி சவலாஸ், டொனால்டு சதர்லாந்து முதலியோர் அந்தப் பன்னிருவரில் வருகிறார்கள். 12 பேரில் ஒருவன் மட்டுமே பிழைக்கிறான். இந்தக் கடைசிச் செய்தியை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். பின்னால் அது உங்களுக்கு வேறொரு வகையில் பயன்படும்.

அனுமதி பற்றி ஒரு சொல். கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்ப்பதற்கானது; கட்டணம் வாங்காவிட்டாலும் பொது மண்டபத்தில் போட உரிமையாளரின் அனுமதி தனியே வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டம், படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை தருவதால், பழைய படம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நாளும் நேரமும் குறிப்பதில்தான் எங்கள் மாவட்டத்தில் பாதி வெற்றி இருக்கிறது. படம் இரண்டரை மணி நேரம் ஓடும். இடைவேளையையும் பேச்சையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டியவர்கள், ஆகவே இரவுக்காட்சிக்கு வந்தால் பாதியில் எழுந்துவிடுவார்கள். குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அவர்களுக்கு அன்று பிற்பகல்தான் வசதி. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால், தகரக் கூரை போட்ட மண்டபமாக இருந்தால் ஆனி ஆடியையும் ஐப்பசி கார்த்திகையையும் தவிர்த்துவிடுங்கள். இந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் விருது ஒலி விளைவுகளுக்கானது என்பதையும், தகரத்தில் மழை விழுந்தால் அதில் ஒன்றும் காதில் ஏறாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கோயில் கொடை நடக்கும் வாரத்தையும் விட்டுவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்தில் வாசிக்க எல்லாராலும் முடியாது. நாங்கள் ஒரு பக்கத் தாளில் 12 பேரில் முக்கியமான ஏழு பேருடைய முகத்தையும், பக்கத்தில் தமிழில் பெயரையும், அவர் செய்த குற்றத்தை ஒரே வரியிலும் அச்சிட்டுக் கொடுத்தோம். இந்தத் தாள் இல்லாதபோது 'அந்தத் தாடிக்காரன்', 'அந்த உயரமானவன்' என்று ஆளாளுக்கு வெவ்வேறு நபரைச் சுட்டிப் பேசியதால், முதல் முறை நடந்த வழக்கில் பாதி வெறும் ஆள்மாறாட்டம் என்பது பிறகுதான் விளங்கியது. வெந்நீர் இல்லாமல் சவரம் செய்ய மாட்டோம் என்று அவர்கள் மறுத்ததற்குத் தண்டனையாகச் சவரமும் சோப்பும் சூடான சாப்பாடும் நிறுத்தப்படுவதும், அந்த அழுக்கினாலேயே 'டர்ட்டி டசன்' என்ற பெயர் வருவதும் படத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது; அதன் பிறகு எல்லா முகத்திலும் தாடிதான்.

இடைவேளையை எங்கே விடுவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் கருத்தை அதுதான் தீர்மானிக்கிறது. சரிபாதியில் நிறுத்தாமல், போர்ப்பயிற்சிப் போட்டியில் இவர்கள் எதிரணித் தலைவர் கர்னல் பிரீடின் தலைமையகத்தைக் குறுக்கு வழியில் பிடித்துவிடும் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள். அதுவரை படம் பெரிதும் சிரிப்பும் கும்மாளமும்தான். பன்னிருவரில் ஒருவன் தளபதி வேடம் போட்டுக்கொண்டு அணிவகுப்பைப் பார்வையிடும் இடத்தில் எங்கள் மண்டபத்தில் பின்வரிசைப் பையன்கள் பெஞ்சிலேயே தட்டினார்கள். அந்த மகிழ்ச்சியோடு சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, 'இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரை உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் தங்க வைக்க வேண்டுமென்றால் யாரை வைப்பீர்கள்?' என்று ஒரே கேள்வி கேட்டுப் பெயரை மட்டும் எழுதி வாங்குங்கள். படம் முடிந்த பிறகு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். எங்களிடம் பெயரை மாற்றியவர்கள் பலர். மாற்றியதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்தாம் அன்று கிடைத்த கருத்துகளிலேயே கனமானவை.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில், தாக்குதலுக்கு முன் எல்லாரும் நீண்ட மேசையில் அமர்ந்து உண்ணும் விருந்து வருகிறது. பைபிள் படித்து வளர்ந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊரில், அதைக் கண்டதும், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி உணவை நினைத்து, 'இது இராவுணவு அல்லவா' என்று ஒரு முதிய அம்மை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்கள். பிற்பாடு காரியத்தைக் கெடுக்கிற மேகட் என்பவனும் அந்தப் பந்தியில் இருப்பதை அப்போதே கவனித்தவரும் அவர்கள்தாம். இப்படி நடுவில் வருகிற சொற்களைக் குறித்துக்கொள்வதற்கென்றே ஒருவரைப் பின்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அவர் படம் பார்க்கக் கூடாது. இருட்டில் கைப்பேசி வெளிச்சம் பிறருக்கு இடைஞ்சல் என்பதால் தாளும் பென்சிலும் போதும்.

இனி முக்கியமான இடம். மாளிகையில் சண்டை மூண்டதும் ஜெர்மானிய அதிகாரிகளும் அவர்களோடு வந்திருந்த பெண்களும் நிலவறையில் போய்ப் பதுங்குகிறார்கள். வெளியே பூட்டிவிட்டு, காற்றுக் குழாய்கள் வழியாகக் கையெறி குண்டுகளையும் பெட்ரோலையும் உள்ளே கொட்டுகிறார்கள். ஜிம் பிரவுன் நடித்த ஜெஃபர்சன் ஓடிக்கொண்டே குண்டுகளைப் போட்டு, ஓட்டத்திலேயே சுடப்பட்டு விழுகிறான். 1967இலேயே அமெரிக்க விமரிசகர்கள் சிலர் இந்தப் படத்தின் வன்முறையைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மக்களோ கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைத்தால் இரண்டுமே விளங்கும். உங்கள் மண்டபத்திலும் இந்த இடத்தில் பிளவு வரும். ஆகவே படம் முடிந்து விளக்குப் போட்டவுடன் கேள்வி கேட்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா விடுங்கள், யாரையும் வெளியே போக வேண்டாம் என்றும் தடுக்காதீர்கள். நான் முதல் முறை விளக்குப் போட்ட கையோடு ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு நின்றேன், அதனால்தான் 'நல்ல படம்' என்ற பதிலைச் சம்பாதித்தேன்.

இரண்டாம் முறை, பட்டாளத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமாவின் பக்கத்தில் போய் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தேன். சாயாவை இரண்டு மிடறு குடித்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே, "அந்தப் பெட்ரோல ஊத்தினது எனக்குப் பிடிக்கல்ல மக்கா. பொம்பளையளும் கீழ உண்டும்லா?" என்றார். அதற்குப் பின்னால் இருந்த ரப்பர் வெட்டுக்கார அண்ணன், "தூக்குல போடப் போறவன்ட்ட வேற என்னத்த எதிர்பார்ப்பிய?" என்று கேட்க, மாமா உடனே திரும்பி, "உத்தரவு போட்டவன் தூக்குக்காரன் இல்லையே" என்றார். படம் தொடங்குவதே இராணுவச் சிறையில் ஓர் இளம் சிப்பாயைத் தூக்கிலிடுவதை மேஜர் பார்த்து நிற்பதில்தான் என்பதை, அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் மீண்டும் நினைத்துப் பார்த்தேன். இந்த வாக்கியங்களை அவர்கள் சொன்ன பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'பெட்ரோல் ஊற்றும் காட்சி ஏற்புடையதாக இல்லை என்று ஒரு பார்வையாளர் கருத்துத் தெரிவித்தார்' என்று திருத்தி எழுதினால், அங்கே மாமாவும் இல்லை, அவர் வருத்தமும் இல்லை.

பட்டாளத்துக்காரர்களிடம் கேட்கும்போது, மார்வின் உண்மையிலேயே அமெரிக்க மரைன் படையில் பணியாற்றி, 1944இல் சைப்பான் தீவுச் சண்டையில் காயம்பட்டவர் என்பதைச் சொல்லலாம். ஆனால் கருத்தைக் கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். முன்னதாகச் சொன்னால் எல்லாரும் அவர் நடிப்பை மட்டும் புகழத் தொடங்கிவிடுவார்கள்.

'இது உண்மைக் கதை' என்று யாராவது கட்டாயம் சொல்வார். 101ஆம் வான்வழிப் படைப்பிரிவில் 'ஃபில்தி தர்ட்டீன்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு குழு இருந்தது மெய். அழுக்காக இருந்ததற்கும் அடங்காமைக்கும் அவர்கள் பேர்போனவர்கள். ஆனால் அவர்கள் தூக்குத்தண்டனைக் கைதிகள் அல்லர். இதைப் பணிவாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு கிளைப்பேச்சும் தவறாமல் வரும். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கிய டச்சு அதிகாரி டிலனாய், பின்பு அதே அரசரின் படையைப் பழக்கித் தளபதியாகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கைதியைக் கொண்டு படை நடத்துவது நமக்குப் புதிதா என்று ஓர் ஆசிரியர் கேட்டபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. டிலனாய் போரில் பிடிபட்டவர், குற்றவாளி அல்லர், மேலும் அவரிடம் மரணத்தைக் காட்டி ஒப்பந்தம் பேசினார்களா என்பது வேறு வழக்கு. ஐந்து நிமிடம் பேச விட்டு, 'அப்படியானால் மேஜர் இவர்களுக்குக் கொடுத்த வாக்கு நேர்மையானதா?' என்ற கேள்வியால் படத்துக்கு மீட்டுக் கொண்டுவரலாம். உண்மையில் இப்படிச் சுற்றி வந்தவர்கள்தாம் அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள்.

முன்பே பார்த்திருக்கிறேன் என்று சொல்கிற முதியவர்களின் கருத்தைத் தனியே எழுத வேண்டும். எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள் என்று படத்துக்கு முன்பே அவர்களிடம் கேட்டு வையுங்கள். 'ஆறேழு பேர்' என்பவர் வேறு படத்தோடு கலந்துவிட்டார் என்று பொருள். டெலி சவலாஸ்தான் தலைவன் என்று சாதித்தால் வாதாடாதீர்கள், அப்படிச் சொல்பவர் 1987இலோ 1988இலோ தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட தொடர்ச்சிப் படத்தைப் பார்த்திருக்கிறார். முதற்படத்தில் சவலாஸ் நடித்தது அந்த மேகட் வேடம். கலங்கிய நினைவும் ஒரு கருத்துதான், அப்படியென்று குறித்துவிட்டால் போதும்.

தொகுக்கும்போது ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் வயது, தொழில், முதல் முறை பார்க்கிறாரா, சப்டைட்டில் வாசித்தாரா என்ற நான்கையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். சிறுவர்களை இந்தப் படத்துக்கு அழைக்காமல் இருப்பதே நல்லது; அழைத்து வந்துவிட்டால் பெற்றோரிடம் இரண்டாம் பாதியைப் பற்றி இடைவேளையிலேயே சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததைப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டுவதற்கு முன், சொன்னவர்களிடமே வாசித்துக் காட்ட வேண்டும். நாங்கள் வாசித்தபோது, இராவுணவைக் கண்டுபிடித்த அம்மை தம்முடைய மற்றொரு வரியை அடிக்கச் சொன்னார்கள். ஜெஃபர்சன் விழுந்ததும் கண்ணீர் வந்ததாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, அவன் ஓடிய தூரத்தில் எத்தனை குழாய்கள் இருந்தன என்று எண்ணிக்கொண்டிருந்ததாக எழுதச் சொன்னார்கள். அப்படியே எழுதினோம்.